நிறைநாட்டுக்கு ஒரு மனு

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஓசூர் பஸ்ஸிலிருந்து எங்கள் தபால் இன்ஸ்பெக்டர் இறங்கினார். சொல்லாமல் கொள்ளாமல் வந்திருந்தார். கையில் தோல் பை. முகத்தில் சிரிப்பு.

அந்தச் சிரிப்புதான் ஆபத்து. கோபமாக வருகிற இன்ஸ்பெக்டரைச் சமாளித்துவிடலாம் — ஒரு டம்ளர் காப்பியில் ஆறிவிடுவார். சிரித்துக்கொண்டே வருகிறவர் கையில் காகிதம் இருக்கிறது என்று அர்த்தம்.

இருந்தது. நீளமான ஒரு கவர். அதை மேஜைமேல் வைத்து என் பக்கமாகத் திருப்பி, "விலாசத்தைப் படிங்க" என்றார்.

படித்தேன். "மகாராஜராஜஸ்ரீ நிறைநாட்டு நிர்வாகிகள் சமூகத்துக்கு. நிறைநாடு. கடல் மார்க்கம்."

விலாசத்தைச் சுற்றிலும் ஊர் ஊராக முத்திரைகள். அந்தக் கவர் போகாத ஆபீஸ் இல்லை. போன இடத்தில் எல்லாம் யாரோ ஒரு மகராசன் சிவப்பு மசியில் ஒரு குறிப்பு எழுதியிருந்தான். "சிலோனில் முயற்சிக்கவும்." "சிலோனில் இல்லை. மலாயா பார்க்கவும்." கடைசியாக ஒருவர் மனம் நொந்துபோய், "இப்படி ஒரு தேசம் இருப்பதாகத் தெரியவில்லை" என்று எழுதியிருந்தார்.

"இதுல முதல் முத்திரை யாருது?"

"என்னுது சார்."

"அந்த தேசம் எங்கே இருக்கு?"

என்ன சொல்வது? உண்மையைச் சொன்னேன்.

"என் அலமாரியில சார்."

அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

நான் உத்தியோகம் பார்ப்பது கெலமங்கலத்துக்கும் தளிக்கும் நடுவே ஒரு சின்ன ஊரில். பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அதற்கும் ஒரு மனு வரும். பத்திரிகையில் என் பத்தியை விடாமல் படிக்கிறவர்களுக்கு என் சம்சாரம் ராஜத்தின் இழுப்பு வியாதி தெரியும். வேலூர்ப் பக்கம் இருந்தபோது அவள் படுத்துத் தூங்கி நான் பார்த்ததில்லை. சுவரில் தலையணையைச் சாய்த்து, உட்கார்ந்தபடி, மூச்சுக்கு மூச்சு போராடிக்கொண்டு இருப்பாள். டாக்டர் குளிர்ச்சியான ஊருக்குப் போகச் சொன்னார். நான் மேலிடத்துக்கு மனுமேல் மனு போட்டு, காலில் விழாத குறையாகக் கெஞ்சி, இந்த ஊருக்கு மாற்றல் வாங்கினேன். வந்த ஒரு வாரத்தில் ராஜம் மல்லாந்து படுத்துத் தூங்கினாள். பெண்டாட்டி தூங்குவதைப் பார்த்து ஒருத்தன் அழுவானா? நான் அழுதேன். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஆகவே, இந்த ஊரைவிட்டு என்னைக் கிளப்பக்கூடிய எந்தக் காகிதமும் எனக்கு எமன். இன்ஸ்பெக்டர் கொண்டுவந்தது அப்படிப்பட்ட காகிதம்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு நாவல். பெங்களூருக்கு ராஜத்தை டாக்டரிடம் அழைத்துப் போனபோது பழைய புத்தகக் கடையில் வாங்கினேன். இங்கிலீஷ் புத்தகம். அட்டை கிடையாது, எழுதியவர் பேரும் கிடையாது. கப்பல் கவிழ்ந்து கரை ஒதுங்குகிற ஒருவன், குறையே இல்லாத ஒரு நாட்டைப் பார்க்கிறான். அங்கே பசி இல்லை, பூட்டு இல்லை, கோர்ட்டு இல்லை. நாட்டின் பேர் வாயில் நுழையவில்லை. நான்தான் நிறைநாடு என்று பேர் வைத்தேன்.

இந்த மாதிரிக் கதைகளை நாலைந்து படித்தவர்களுக்கு இவற்றின் சூட்சுமம் தெரிந்திருக்கும். முதல் பாதியில் 'ஆகா, இதுவல்லவோ நாடு' என்று நம்மை உருக வைப்பார்கள். பின்பாதியில் மெதுவாக மூடியைத் திறந்து காட்டுவார்கள். உள்ளே ஒரே நாற்றமாக இருக்கும். இந்தப் புத்தகமும் அந்த ரகம்தான்.

நாலு மணி பஸ்ஸில் தபால் பையை ஏற்றி அனுப்பிவிட்டால் எனக்கு வேலை இல்லை. ஆபீஸ் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து படிப்பேன். "என்னா சாமி, அதுல அப்டி என்னா எழுதியிருக்குது?" என்று ஒருநாள் கேட்டார் முனியப்பா. ராகியும் கொள்ளும் போடுகிற பெரிய விவசாயி. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், என்னிடம் தமிழ். நான் கதையைத் தமிழில் சொன்னேன். மறுநாள் நாலு பேரோடு வந்தார். அடுத்த வாரம் நாற்பது பேர். நான் தமிழில் சொல்லி நிறுத்துவேன். முனியப்பா தெலுங்கில் சொல்வார், மனு எழுதுகிற சின்னப்பன் கன்னடத்தில் சொல்வார். ஒரே நகைச்சுவைக்கு மூன்று தடவை சிரிப்பு வரும்.

பாதிப் புத்தகம் வந்தது. இனிமேல் மூடியைத் திறக்க வேண்டும்.

எனக்கு மனசு வரவில்லை. நாள் முழுக்கக் காட்டிலும் கழனியிலும் முறிந்துவிட்டு வந்து, கொஞ்ச நேரம் சிரித்துவிட்டுப் போகிற ஜனங்கள். அவர்களிடம் போய் 'அத்தனையும் பொய்' என்று சொல்வதா? புத்தகத்தை மூடிவிட்டேன். நானே சொந்தமாக மூன்று அத்தியாயம் கட்டிவிட்டேன். நிறைநாட்டில் ராகி வருஷம் மூன்று போகம். மழை ராத்திரி மட்டும் பெய்யும், காலையில் வெயில். யானை வயலில் இறங்காது — வரிசையில் நின்று கரும்பு வாங்கிக்கொண்டு காட்டுக்குத் திரும்பிவிடும். தளிப் பக்கத்து ஜனங்களுக்கு யானை விஷயம் ரொம்பப் பிடித்துப்போயிற்று. மூன்று மொழியிலும் கைதட்டல்.

"கதையை ஏன் மாத்தறீங்க? இது உங்களுக்கே நல்லா இருக்கா?" என்று ராஜம் மட்டும் கேட்டாள். அவள் புத்தகத்தை என்றைக்கோ முடித்திருந்தாள்.

இதற்கு நடுவில் வந்ததுதான் எல்லைப் பிரச்னை. ராஜ்யங்களைப் பாஷைப்படி பிரிக்கப்போகிறார்கள் என்று பேச்சு. எங்கள் தாலூகா மைசூருக்கா, ஆந்திராவுக்கா, மதராஸுக்கா? கன்னடக்காரர்கள் வந்து மைசூரில் சேர்க்கச் சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். தெலுங்குக்காரர்கள் வந்தார்கள். தமிழ்க்காரர்களும் வந்தார்கள். முனியப்பா மூன்றிலும் கையெழுத்துப் போட்டார்.

"எப்படிய்யா மூணுலயும்?" என்று கேட்டேன்.

"வீடு தேடி வந்து கேக்கறாங்க. இல்லைன்னு சொன்னா நல்லா இருக்குங்களா?" என்றார்.

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. மற்ற ஊர்களில் மனுஷன் ஒரு நாட்டைவிட்டு இன்னொரு நாட்டுக்குப் போவான். எங்கள் ஊரில் மனுஷன் கயிற்றுக் கட்டிலில் படுத்திருப்பான், நாடு அவனைவிட்டுப் போகும், வேறு நாடு வரும். அதற்கு வேண்டியது ஒரு மனு, அவ்வளவுதான்.

முனியப்பாவுக்கு யோசனை வந்தது இப்படித்தான். கேட்டுச் சேருவதே சேருகிறோம்... நல்ல நாடாகப் பார்த்துச் சேர்ந்தால் என்ன? சின்னப்பன் சர்க்காருக்கு மனு எழுதினார். "எங்கள் தாலூகாவை மேற்படி மூன்றிலும் சேர்க்காமல், நிறைநாட்டுடன் சேர்த்துவைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்." கீழே நூற்றுச் சொச்சம் கையெழுத்தும் ரேகையும். சின்னப்பனிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்த மனு எழுதினாலும், எதற்கும் இருக்கட்டும் என்று, சம்பந்தப்பட்ட எல்லாருக்கும் ஒரு நகல் போடுவார். நிறைநாட்டு நிர்வாகிகளுக்கும் ஒரு நகல் போட்டுவிட்டார். தினம் அவர் கொண்டுவருகிற கவர்களில் நான் விலாசம் பார்ப்பதில்லை. முத்திரை குத்துவேன், பையில் போடுவேன். குத்தினேன், போட்டேன்.

இத்தனையும் இன்ஸ்பெக்டரிடம் சொல்லி முடிக்கவும், முனியப்பா உள்ளே வரவும் சரியாக இருந்தது. வாயெல்லாம் பல். கையில் ஒரு கடிதம்.

"சாமி, நம்ம மனுவுக்குப் பதில் வந்துடுச்சுங்க."

அசல் மனு போன இடத்தில் எந்தக் குமாஸ்தாவோ கடமை தவறாமல் பதில் எழுதியிருந்தார். "தங்கள் மனு கிடைத்தது. மேற்படி நிறைநாட்டின் எல்லை விவரங்களையும், வரைபடம் மூன்று பிரதிகளையும் உடனே அனுப்பவும்."

இன்ஸ்பெக்டர் அதை இரண்டு தடவை படித்தார். நாற்காலியில் சாய்ந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"இலாகா முத்திரையைப் போட்டு, இலாகா வாசல்ல உக்காந்து, இல்லாத தேசத்துக்கு ஆள் சேத்திருக்கீங்க. வெள்ளிக்கிழமை திரும்ப வருவேன். அதுக்குள்ள இவங்களே மனுவை வாபஸ் வாங்கி எழுதிக் குடுத்தாகணும். இல்லேன்னா... வேலூர்ப் பக்கம் ஒரு இடம் காலியா இருக்கு."

ஆபீஸுக்குப் பின்னால் எங்கள் வீட்டு உள்கதவுப் பக்கம் ராஜத்தின் வளையல் சத்தம் கேட்டது. பிறகு கேட்கவில்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

அன்று சாயங்காலம் கூட்டம் சேர்ந்ததும் எழுந்து நின்றேன். "உங்ககிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன். நிறைநாட்டுல பெரிய பெரிய குறையெல்லாம் இருக்கு" என்றேன். புத்தகத்தைத் திறந்தேன். மூடியும் திறந்தது.

"அங்க யாருக்கும் பேர் கிடையாது. பொறந்த உடனே ஒரு நம்பர். சாகிற வரைக்கும் அந்த நம்பர்தான்."

நாவல் எழுதியவர் இந்த இடத்தில் ஒரு பக்கம் கண்ணீர் விட்டிருந்தார். எங்கள் கூட்டத்தில் ஒரு கண்ணும் கலங்கவில்லை. தபால் பை தூக்குகிற மாதப்பன் கடைசியில், கொஞ்சம் தள்ளி, எப்போதும்போலத் தனியாக நின்றிருந்தான். அவன்தான் பேசினான்.

"நம்பரை வச்சு எந்தத் தெருன்னு கண்டுபிடிக்க முடியுங்களா?"

"முடியாது."

"அப்ப நல்லதுதானுங்களே."

பக்கத்தைப் புரட்டினேன்.

"வீட்டுல சமைக்கக் கூடாது. மணி அடிச்சா எல்லாரும் ஒரே கூடத்துக்குப் போகணும். போடறதைத்தான் தின்னணும்."

கீரை விற்கிற நாகம்மா, "அடுப்பு ஊத வேணாமா? அதையா குறைன்னு எழுதியிருக்கான்? அவன் ஆம்பளையா இருப்பான்" என்றாள்.

"கல்யாணத்தை ஒரு கமிட்டி முடிவு பண்ணும். பொண்ணு மாப்பிள்ளை ஒருத்தரை ஒருத்தர் பாக்கறது தாலி... அதாவது, முடிஞ்சப்பறம்தான்."

"சரி, குறையைச் சொல்லுங்க" என்றார் ஒருவர்.

"இதுதான்யா குறை."

கூட்டம் என்னைப் பரிதாபமாகப் பார்த்தது.

"யார் வீட்டுல என்ன நடக்குதுன்னு சர்க்காருக்குத் தெரிஞ்சுடும். ஒளிவு மறைவே கிடையாது."

"இங்க மட்டும் என்னாங்க? எங்க வீட்டுல பாத்திரம் உருண்டா அங்க பேரிகை ஊருல இருக்கற சம்பந்தி என்னா சண்டைன்னு கேட்டு ஆள் அனுப்பறாரு" என்றார் முனியப்பா.

எனக்கு வேர்த்துவிட்டது. எங்கள் ஊரில் வேர்ப்பது அபூர்வம். மிச்சம் இருந்தது பெரிய அஸ்திரம். அதைப் படித்த அன்று எனக்கே சோறு இறங்கவில்லை. குரலைத் தாழ்த்திச் சொன்னேன்.

"அறுபது வயசு ஆயிடுச்சுன்னா, ஒரு படகுல ஏத்தி அனுப்பிடுவாங்க. திரும்பி வந்தவங்க யாரும் இல்லை."

இப்போது கூட்டம் அசைந்தது. முனியப்பாவுக்கு ஐம்பத்தெட்டு. எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"படகுல சாப்பாடு உண்டுங்களா?"

"உண்டு."

"மருமக கூட வருவாளுங்களா?"

"வர மாட்டா."

"அப்பச் சரிங்க" என்றார்.

என்ன செய்வேன், சொல்லுங்கள்? உலகத்தில் எங்கேயோ உட்கார்ந்து ஒரு பெரிய மூளை, மனுஷனுக்கு நேரக்கூடிய கொடுமைகளை எல்லாம் வருஷக்கணக்கில் யோசித்து எழுதியிருக்கிறது. எங்கள் ஊர் அதைக் கேட்டுவிட்டு, 'இவ்வளவுதானா?' என்கிறது. குறை என்பது நாட்டில் இல்லை போலும். எங்கிருந்து பார்க்கிறோம் என்பதில் இருக்கிறது. இது தத்துவம். தத்துவத்தால் என் மாற்றலை நிறுத்த முடியாது. புத்தகத்தை மூடினேன். வேலூர் வீட்டின் சுவர் கண்ணுக்கு முன்னால் வந்தது. அதில் சாய்த்த தலையணையும் வந்தது.

அப்போது உள்ளிருந்து ராஜம் வந்தாள். கூட்டத்துக்கு முன்னால் அவள் வந்து நிற்பது அதுதான் முதல் தடவை. என்னைப் பார்க்கவில்லை. சின்னப்பனைப் பார்த்துக் கேட்டாள்.

"ஏண்ணா, எல்லாரும் அங்க போய்ட்டா உங்களுக்கு என்ன வேலை?"

"ஏம்மா, மனு எழுத வேண்டியதுதான்."

"அங்க மனு கிடையாதே. நூத்தித் தொண்ணூறாம் பக்கத்துல இருக்கு. குறை ஒண்ணும் இல்லாத நாட்டுல குறை சொல்றவனுக்குப் புத்தி சரியில்லைன்னு அர்த்தமாம். ஆஸ்பத்திரியில போட்டு, சிரிக்கிற வரைக்கும் மருந்து குடுப்பாங்களாம்."

எனக்கு அந்தப் பக்கம் ஞாபகமே இல்லை. ஏதோ ரெண்டு வரி, முக்கியமில்லை என்று தாண்டிப் போயிருக்கிறேன்.

சின்னப்பன் அதைக் கன்னடத்தில் சொன்னார். முனியப்பா தெலுங்கில் சொன்னார், சொல்லிக்கொண்டே எழுந்துவிட்டார்.

"மனுவே போடக் கூடாதுங்களா?"

"கூடாது."

"வாய்க்கால்ல தண்ணி வரலைன்னா?"

"தண்ணி வந்தாச்சுன்னு சொல்லிட்டு மருந்து குடுப்பாங்க" என்றாள் ராஜம்.

"படகுல ஏத்தட்டும். கமிட்டி கல்யாணம் பண்ணட்டும். அதெல்லாம் தாங்கிக்கலாம். ஒரு காயிதம் எழுதக் கூடாதுன்னா மனுசன் எப்படிங்க உசுரோட இருக்கறது?" என்று கேட்டார் முனியப்பா. குரல் உடைந்திருந்தது. நிஜமாகவே.

மாதப்பன் மட்டும் நின்ற இடத்திலிருந்து, "நான் போட்ட மனு எதுக்கும் இங்கயும் பதில் வந்ததில்லீங்க. ஆனா போடலாம்" என்றான்.

பத்து நிமிஷத்தில் வாபஸ் மனு தயார். "மேற்படி தேசத்தில் குறை சொல்ல வழி இல்லாத பெருங்குறை இருப்பதாக நம்பகமாகத் தெரியவருவதால்..." என்று ஆரம்பித்து ஒன்றரைப் பக்கம். நகல் எல்லாருக்கும். நிறைநாட்டு நிர்வாகிகளுக்கும் ஒன்று எழுதியிருந்தார் சின்னப்பன். அதை மட்டும் அவர் கண்ணெதிரே கிழித்துப் போட்டேன். அவருக்கு வருத்தம்தான்.

வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார். வாபஸ் மனுவைப் படித்தார். முகம் இளகியது. ஆனாலும், "ஆபீஸ் வாசல்ல கதாகாலட்சேபம் நடத்தினதை நான் ரிப்போர்ட்டுல எழுதித்தான் ஆகணும். மாற்றல் வந்தாலும் வரும்" என்றார். சொல்லிவிட்டு எழுந்து போகாமல் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தார்.

"அது சரி... அந்தப் படகு எங்கேதான் போகுது?"

"புஸ்தகத்துல கடைசில வருது சார்."

"ம்" என்றார். போய்விட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. மூன்றாவதாக ஒரு மனு புறப்பட்டது — என்மேல். "எங்கள் ஊர் போஸ்ட் மாஸ்டர் புத்தகத்தின் பின்பாதியை மறைத்து, மூன்று அத்தியாயங்கள் பொய்யாகச் சொல்லி, இல்லாத யானைகளைக் காட்டி எங்களை மோசம் செய்தார்." வாசகம் சின்னப்பன். கவரை ஒட்டுமுன் முதல் வரியையும் கையெழுத்துகளையும் மட்டும் எனக்குக் காட்டினார். முதல் கையெழுத்து முனியப்பா. நாலாவதோ ஐந்தாவதோ இங்கிலீஷில் ஒரு கையெழுத்து, மிக அழகாக: ராஜம். அந்தக் கவருக்கும் நான்தான் முத்திரை குத்தினேன். இந்தத் தடவை விலாசத்தைப் படித்துவிட்டுக் குத்தினேன்.

மூன்று நாள் எனக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. "கூட இருந்தே குழி பறிச்சுட்டியே" என்று ராஜத்திடம் கத்தினேன். "மனுவைக் கடைசி வரைக்கும் படிச்சீங்களா?" என்றாள். மற்றவர் கடிதத்தைப் பிரித்துப் படிக்கிற வழக்கம் எனக்கு இல்லை என்று கௌரவமாகச் சொன்னேன்.

முந்தாநாள் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. மனுவின் கடைசிப் பாராவை அப்படியே எடுத்து எழுதியிருந்தார்கள். "ஆகையால், புத்தகத்தின் பின்பாதியை உள்ளது உள்ளபடி பொதுமக்களுக்குப் படித்து முடிக்கும் வரையில், மேற்படி போஸ்ட் மாஸ்டரை இந்த ஊரைவிட்டு மாற்றக் கூடாது." அதன் கீழே ஒரே வரி: "அவ்வாறே ஆகுக."

இன்னும் எழுபத்திரண்டு பக்கம் பாக்கி இருக்கிறது. புத்தகத்தை இப்போது ராஜம்தான் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறாள் — ஒரு நாளைக்கு இரண்டு வரிக்குமேல் தருவதில்லை.